ஆளுக்கொரு தாத்தா

அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள், பயம்தான். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் பெயரைப் போட்டது தெரிந்தால், மஞ்சள் பையோடு என் கடை வாசலில் வந்து நின்று, "ஏண்டா கண்ணு, எழுதறதுக்கு உனக்கு வேற பேரே கெடைக்கலயா?" என்று கேட்டாலும் கேட்பார். பானைக் கூட்டத்தில் பெயர் சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை ஆயிரம் பொய் சொல்லிக் காப்பாற்றியவர் அவர்.

பொய் என்றால் சாதாரணப் பொய் இல்லை. அக்கா ஒரு பொய் சொன்னால், கேட்டவர் நேராக வீட்டுக்குப் போய்த் தன் தாத்தா படத்தைத் துடைத்துப் புது மாலை போடுவார்.

எங்கள் ஊர் மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சிப்பாய்களை ஏற்றிப் போன ரயில்கள் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க இங்கே நிற்குமாம். வாடிப்போய் உட்கார்ந்திருந்த பையன்களைப் பார்த்து மனசு கேட்காமல் ஊர்க்காரர்கள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி எடுத்துப் போனார்கள். முதல் நாள் ஆளுக்கொரு குண்டா, ஆளுக்கொரு அகப்பை. யார் முதலில் ஊற்றுவது, யார் தள்ளி நிற்பது, என் வீட்டுக் கூழுக்குப் பக்கத்தில் உன் வீட்டுக் கூழா என்று சாதிச் சண்டை முற்றிக்கொண்டிருக்கும்போதே ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது. சிப்பாய்கள் ஜன்னல் வழியாகக் கூழைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த ரயில் வந்தபோது யாரோ ஒரு ஆள் பெரிய மண்பானை ஒன்றைக் கொண்டுவந்து நடைமேடையில் வைத்தார். எல்லார் வீட்டுக் கூழையும் அதில் ஊற்றிக் கலக்கிவிட்டார். கலக்கிய பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று எந்த மகானாலும் சொல்ல முடியாது. பானைக் கூட்டம் ஆரம்பித்தது அப்படித்தான்.

போர் முடிந்தது. சிப்பாய் ரயில்கள் வருவதும் நின்றுபோனது. பானை மட்டும் மெல்ல நகர்ந்து அரசு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டது. பானை என்று பேருக்குத்தான் சொல்கிறோம், இப்போது அது எவர்சில்வர் அண்டா. காலை ஆறரை மணிக்கு, உள்ளே படுத்திருப்பவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் தூக்குப் போசியோடு வரிசையில் நிற்பார்கள். வாசலில் போட்டிருக்கும் கொட்டகைக்குப் பின்பக்கம் ஒவ்வொரு வீட்டுக் கூழும் அண்டாவுக்குள் போகும். ஊற்றியவர் அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "இன்னைக்கு ராகி எங்கூட்டுது" என்று யாராவது முனகினால், அன்றைக்கு அண்டா கழுவுவது அவர் வேலை.

சரி, பானையைக் கொண்டுவந்த அந்த 'யாரோ ஒரு ஆள்' யார்? எங்கள் தலைமுறையில் ஊரில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு இது பெரிய சௌகரியமாகப் போயிற்று.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் போன் இருந்த காலத்து ரகசியம் எல்லாம் அவர் காது வழியாகத்தான் போயிருக்கிறது. பேசும்போது யாராவது குறுக்கே புகுந்தால், "லைன்ல இருங்க" என்பார். கலெக்டராக இருந்தாலும் அந்த இரண்டு சொல்லுக்கு வாய் மூடிவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் உட்கார மாட்டார். உட்கார்ந்தால் காரியம் நடக்காதாம். பொய் சொல்லப் போகிறார் என்றால் அதற்கு முன்னால் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. அதற்குள் எனக்கும் ஒரு தாத்தா வந்து சேர்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், ஜெராக்ஸ், எல்லாம் உண்டு. ஒருநாள் அக்கா வந்து, பானைக் கூட்டத்து நோட்டீஸ் ஐந்நூறு வேண்டும் என்றார். இலவசமாக என்று வாயால் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார்.

"உங்க தாத்தா கையெழுத்து முத்து முத்தா இருக்குமாமே கண்ணு? போற சிப்பாய்ங்க வூட்டுக்கு லெட்டர் போடணும்னா, பிளாட்பாரத்துல உக்காந்து அட்ரஸ் எழுதிக் குடுத்தது அவருதானாம். நீ இந்தத் தொழிலுக்கு வந்தது சும்மா இல்ல பாரு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்நூறு கேட்டவருக்கு ஆயிரம் அடித்துக் கொடுத்தேன். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்க தாத்தாவா? அவரு சாவற வரைக்கும் கைநாட்டுடா" என்றார்.

மறுநாள் அக்காவை விடுவேனா, நிறுத்திக் கேட்டுவிட்டேன். அவர் கண்ணைக் கூடச் சிமிட்டவில்லை. "கைநாட்டுதான், யாரு இல்லைன்னது? எழுதினவருக்குப் பக்கத்துல நின்னு மசிப்புட்டியப் புடிச்சிட்டிருந்தாரு. அது சின்ன வேலையாடா?" என்றார். அன்றிலிருந்து நோட்டீஸ் இலவசம்தான்.

ரைஸ்மில்காரரை அவர் மடக்கியதை நான் நேரிலேயே பார்த்தேன். மில்காரர் ஒரு கைப்பிடி தவிட்டைக் கூட யோசித்துத்தான் கொடுப்பார். மழை பொய்த்துக் கேழ்வரகு கிடைக்காமல் அண்டா பாதியாக இறங்கியிருந்த வருடம் அது. காலண்டர் ப்ரூஃப் காட்ட நான் மில்லுக்குப் போயிருந்தேன். அக்கா வந்து, உட்காராமல், நெல் மூட்டையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"உங்க தாத்தாவைப் பத்தி ஒரு சேதி கேள்விப்பட்டேங்க. கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"என்னங்க்கா, யாருகூடயாச்சும் வம்பு கிம்பா?" மில்காரர் பயந்துவிட்டார்.

"அட, லைன்ல இருங்க." செருமல். "அந்தப் பானைய மொத மொதல்ல தலைல தூக்கிட்டு வந்தவரே உங்க தாத்தாதானாம். வெள்ளக்கார ஆபீசரு ரயில்ல இருந்து எறங்கி வந்து சல்யூட் அடிச்சிட்டுப் போனானாம். வெளிய சொல்லாதீங்க, கூட்டத்துச் சட்டம் தெரியுமில்ல?"

மில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நான்கு மூட்டை கேழ்வரகு இறங்கியது. அதற்கு முந்தின மாதம்தான் இதே பானையை வெல்லமண்டிக்காரரின் தாத்தா தலையில் ஏற்றியிருந்தார் அக்கா. அங்கே ஆபீசர் இல்லை, ஒரு கூர்க்கா கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். பஸ் முதலாளியின் தாத்தாவுக்கு ஒரு சிங் தன் கைக்காப்பையே கழற்றிக் கொடுக்க வந்தாராம், தாத்தா வேண்டாம் என்றுவிட்டாராம். எல்லாரிடமும் கடைசியில் அதே எச்சரிக்கை: வெளியே சொல்லாதீர்கள். எல்லாரும் ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். பொய் பிழைத்திருந்தது அதனால்தான்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அக்காவின் பாச்சா பலிக்கவில்லை. சித்தேரி மலையிலிருந்து மாதம் ஒருமுறை சாமை கொண்டுவந்து கொடுப்பவர் அவர். அக்கா செருமிவிட்டு, போர்க்காலத்தில் முதல் மரக்கால் சாமை உங்கள் மலையிலிருந்துதான் வந்தது என்று ஆரம்பித்தார். அவர் வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். "எங்காளுங்க அப்ப ரயிலையே பாத்ததில்லீங்க்கா. என் சம்சாரம் இங்க பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப ஒம்போது நாளு உங்க கூழைக் குடிச்சேன். அதுக்குக் கொண்டாறேன். கத வேண்டாங்க" என்றார். அக்கா முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை கெட்டது ஒரு கல்லால். பழைய கீற்றுக் கொட்டகையைப் பிரித்துவிட்டுத் தகரக் கூரை போட்டோம். கூரை என்று ஒன்று வந்துவிட்டால் கல்வெட்டு வைக்காமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வருமா? அக்கா உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பாலக்கோடு போயிருந்த நேரமாகப் பார்த்துத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். வாசகத்தைக் கோத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. முதல் வரி, 'பானைக் கூட்டத்தைத் தோற்றுவித்தவர்'. அதற்குக் கீழே இடம் விட்டிருந்தேன்.

முதலில் மில்காரர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் அவர் தாத்தா பெயர். நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெல்லமண்டிக்காரர் வேறொரு சீட்டோடு உள்ளே வந்தார். இருவரும் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பஸ் முதலாளியின் கார் வந்து நின்றது. என் கடையில் இருப்பதே இரண்டு நாற்காலி.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?" என்று மில்காரர் கேட்டார்.

"அக்காதான்" என்றார்கள் மற்ற இருவரும்.

இப்போது அக்கா தொலைந்தார் என்று நினைத்தேன். எங்கள் ஊரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அக்காவை ஒருவரும் சந்தேகப்படவே இல்லை. மில்காரர் என்னைத் தனியே வெளியில் கூட்டிப் போய், "அக்கா எனக்குச் சொன்னதுதாம்ப்பா நெசம். இவனுங்க தொல்ல தாங்காம இவனுங்களுக்கும் ஒப்புக்குச் சொல்லியிருக்கும்" என்றார். மற்ற இருவரும் அன்று சாயங்காலமே தனித்தனியாகப் போன் போட்டு இதையேதான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மேசைகள், மூன்று அண்டாக்கள், 'இன்னாரது நினைவாக' என்று மூன்று பிளக்ஸ். மூன்றையும் அடித்துக் கொடுத்தது நான்தான். தொழில் என்று சொல்லிக்கொண்டேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மில் ஆட்களும் மண்டி ஆட்களும் ஒரு மேசையை நகர்த்துவதில் கைகலப்பு வரை போனார்கள். உள்ளிருந்து பெரிய டாக்டர் வந்தார். திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் கொட்டகையோடு எல்லாவற்றையும் காலி செய்துவிட வேண்டும் என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். வாசல் போனால் கூழ் போனது. வேறு இடம் எங்கள் ஊரில் இல்லை.

அக்கா அன்றைக்குத்தான் பாலக்கோட்டிலிருந்து வந்து இறங்கினார். பையைக் கூட வீட்டில் வைக்காமல் வந்து அந்த மூன்று பிளக்ஸையும் படித்தார். மேசைகளுக்கு முன்னால் ஒரு ஆள், போசியைப் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்றார். அக்காவைப் பார்த்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல எந்த அண்டாவுலம்மா எங்க சாதிக்காரங்களுக்கு ஊத்துவாங்க?"

எத்தனையோ பேருக்கு இல்லாத தாத்தாவை உருவாக்கிக் கொடுத்த வாய், அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியாமல் நின்றது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இந்தச் சண்டைக்கு விதை போட்டது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அக்கா வழக்கம்போல உட்காரவில்லை. எழுந்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லாததால் நேராக ஆரம்பித்தார்.

"உங்க மூணு பேருகிட்டயும் நான் சொன்னது பொய்யிங்க."

மூன்று நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

"லைன்ல இருங்க, முடிச்சிர்றேன். நெசத்தச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அதான் ஆளுக்கொரு தாத்தாவக் கையில குடுத்தேன். அந்தப் பானை எங்கப்பனோடது."

"அப்ப உங்கப்பாதான் தோற்றுவிச்சவரா?" என்று பஸ் முதலாளி கேட்டார். குரலில் பொறாமை தெரிந்தது.

"கேளுங்க. எங்கப்பனுக்கு ஸ்டேசன்ல தண்ணி ஊத்தற வேலை. சர்க்காரு சும்மா குடுக்கற தண்ணிய அந்த மனுசன் பானைல ரொப்பி வெச்சிக்கிட்டு, ஒரு சொம்புக்கு ஒரு சிகரெட்டுன்னு சிப்பாய்ங்ககிட்ட புடுங்கிட்டிருந்தாரு. எங்கூட்டுப் பரண்ல டப்பா டப்பாவா வெள்ளக்காரன் சிகரெட்டு. ஒருநாளு உங்க தாத்தனுங்க கண்ணுல பட்டுருச்சு. அதுவரைக்கும் சண்டை போட்டுட்டிருந்தவங்க அத்தன பேரும் ஒண்ணாச் சேந்தது எங்கப்பன மொத்தறதுக்குத்தான். மொத்திட்டு, பானையப் புடுங்கித் தண்ணியக் கொட்டிட்டு, அந்தக் கோவத்துலயே அவங்கவங்க கூழ அதுல ஊத்திட்டாங்க. மொதல்ல ஊத்துனது யாருன்னு கேட்டா, ஊருதான். கல்லுல ஒரு பேரு போட்டே ஆவணும்னா, பானைக்காரரு எங்கப்பன் பேரத்தான் போடணும். என்னங்க, போட்டுரலாமா?"

முதலில் சிரித்தது வெல்லமண்டிக்காரர். அவருக்குத் தொப்பை குலுங்கச் சிரிக்கும் வழக்கம் உண்டு. பிறகு கொட்டகையே சிரித்தது. சிகரெட்டுக்குத் தண்ணீர் விற்ற ஆளின் பெயரைக் கல்லில் போடுவதா? பெயரே வேண்டாம் என்று பத்தே நிமிடத்தில் முடிவாயிற்று. மறுநாள் ஒரே அண்டாதான் இருந்தது. கல்லில் ஒரு பானைப் படமும் அதற்குக் கீழே 'காலை 6.30' என்றும் போட்டோம். அந்த வாசகத்தில் மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அக்கா பேசியபோது செருமல் கேட்கவில்லையே என்று யோசித்துக்கொண்டே நான் வீட்டுக்குப் போனேன். ஆகவே நிஜம் என்றுதான் முடிவு கட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் தம்பி கடைக்கு வந்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு என் மேசையைத் தட்டிப் பேசினார்.

"பஸ் ஸ்டாண்டுல 'சிகரெட்டு வூட்டுக்காரரு வர்றாரு'ங்கறானுங்க. எங்கப்பா பீடி கூடத் தொட்டதில்லப்பா. பானையத் தூக்கிட்டுப் போயி அத்தன பேரு கூழையும் தன் கையால ஊத்திக் கலக்குனதே அவருதான். கலக்கிட்டாருன்னு ஆறு மாசம் எங்கூட்ட ஊர விட்டு ஒதுக்கி வெச்சாங்க. கெணத்துல தண்ணி சேந்த விடல. முன்ன நின்னு எங்கள ஒதுக்கி வெச்ச வூடுங்க எதுன்னு தெரியுமா உனக்கு? மில்லுக்கார வூடு, மண்டி வூடு, பஸ்கார வூடு. எங்கக்காளுக்கு இது அத்தனையும் தெரியும். நீ நோட்டீஸ் அடி. உண்மைய அடி."

அடித்தேன். ப்ரூஃப் எடுத்துக்கொண்டு அக்காவிடம்தான் முதலில் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கூழுக்குக் கடித்துக்கொள்ள. நோட்டீஸை இரண்டு முறை படித்தார்.

"தம்பி சொல்றது நெசமாங்க்கா?"

"நெசந்தான்."

"அப்புறம் எதுக்கு உங்கப்பாவைப் போய்த் திருடன்னு..."

"அடுத்தவங்க தாத்தாவத் திருடன்னு சொல்ல எனக்கு என்னடா உரிமை? என் அப்பனத்தான சொல்ல முடியும்? அவரு கோவிச்சுக்க மாட்டாரு." வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "எங்கூட்டுக்குத் தண்ணி குடுக்காத மூணு வூடு. இன்னைக்குக் காலைல அந்த மூணு வூட்டுக் கூழும் எங்கூட்டுக் கூழோட ஒரே அண்டாவுல கெடந்துச்சு. நானேதான் கலக்குனேன். இதவிடவா கல்லு வேணும்?"

சிரித்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயம் என்று அவர் சொன்னால் அதையும் நம்பியிருப்பேன், அவர் சொல்லவில்லை. நான் கடைக்கு வந்து அந்த ஃபைலை அழித்தேன். தம்பி அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவில்லை. அக்காவோடும் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார். ஒரே தெருவில் இருந்துகொண்டு ஏழு வருடம். அக்கா எல்லாரிடமும் வாயாடினாலும், அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் நடை மெதுவாகிவிடும். கூட நடந்து போன எனக்கு அது தெரியும்.

அக்காவுக்குக் கொள்ளி வைக்கத் தம்பிதான் வந்தார். மறுநாள் காலை ஆறரைக்கு, யாரும் கூப்பிடாமல், ஒரு குண்டா கூழோடு கொட்டகைக்கும் வந்தார். பின்பக்கமாகப் போய் ஊற்றினார். அகப்பையை எடுத்துக்கொண்டு அண்டா அருகில் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் திரும்பி நின்ற வெல்லமண்டிக்காரர் இவரைப் பார்க்கவில்லை. வரிசையில் புதிதாக வந்த ஆளுக்குப் பானை வந்த கதையை அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொம்புத் தண்ணிக்கு ஒரு சிகரெட்டுங்க! கேட்டதுண்டா எங்கயாச்சும்?"

"அடப்பாவி, யாருங்க அந்தாளு?" என்று கேட்டார் வரிசையில் நின்றவர்.

மண்டிக்காரர் சிரித்தபடி திரும்பினார். தம்பியைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அத்தனை வருடக் கோபம் இப்போது வெளியே வந்தால் அண்டாவை யாராலும் காப்பாற்ற முடியாது.

தம்பி அண்டாவுக்குள் அகப்பையை விட்டு அடியிலிருந்து நன்றாக ஒரு கலக்குக் கலக்கினார்.

"எங்கப்பாதாங்க" என்றார். "பலே கேடி. சிகரெட்டு இல்லாம ஒரு சொட்டுக் குடுக்க மாட்டாரு."

வரிசை முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். "போசியக் கிட்ட நீட்டுங்க" என்று சொல்லி ஊற்ற ஆரம்பித்தார். முதல் இரண்டு அகப்பை கொஞ்சம் வெளியே சிந்தியது.